தையல் மெஷின் கொடுத்தாச்சு, அப்புறம்?

வாசகர் கேள்வி – பதில்

கம்பெனிகள் ஊருக்குச் செய்யும் சமூகப் பணியை எப்படி அளப்பது என்று போன இதழில் கேள்விகளை வரவேற்றிருந்தோம். ஒரு நிறுவனத்தில் இதே வேலையைப் பார்த்து ஓய்வு பெற்று நாகர்கோவிலில் இருக்கிற என்னிடம் கடிதங்களை அனுப்பிவிட்டார்கள். சிலவற்றுக்குத்தான் இங்கே இடம்.

அக்கா, நான் ஒரு தனியார் நிறுவனத்தின் சிஎஸ்ஆர் (கம்பெனியின் சமூகப் பொறுப்பு) பிரிவில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடத்தில் 150 பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுத்திருக்கிறோம். போட்டோ, கையெழுத்துப் பட்டியல் எல்லாம் இருக்கிறது. இப்போது மேலிடத்தில் "பலனை அளந்து காட்டு" என்கிறார்கள். தொடங்கும்போது எதையும் குறித்து வைக்கவில்லை. இனி என்ன செய்ய முடியும்?
– ஒரு வாசகி, தக்கலை

போட்டோவும் கையெழுத்தும் ஆடிட்டருக்கு. மெஷின் போய்ச் சேர்ந்தது என்பதற்கு மட்டும்தான் அவை சாட்சி. அது வந்த பிறகு அந்த வீட்டில் என்ன மாறியது என்பதுதான் உங்கள் மேலிடம் கேட்பது.

முதலில் வீடுகளுக்குப் போங்கள். 150 வீட்டுக்கும் போக முடியாவிட்டால் பட்டியலைச் சீட்டுக் குலுக்கி நாற்பது வீடு எடுங்கள். எந்த வீடு என்று நீங்களும் தேர்ந்தெடுக்கக் கூடாது, சுயஉதவிக் குழுத் தலைவியும் தேர்ந்தெடுக்கக் கூடாது. "நல்லா தைக்கிற பிள்ளைங்க" என்று அவர் கூட்டிக் காட்டும் வீடுகளுக்கு மட்டும் போய் வந்தால் அது விருந்துக்குப் போன கணக்கு. வாசலில் நின்று பேசாமல் மெஷினைப் பார்க்கக் கேளுங்கள். பெல்ட் இருக்கிறதா, ஊசியில் நூல் கோத்திருக்கிறதா, மேலே துவைத்த துணி குவிந்து கிடக்கிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஆரம்பக் கணக்கு இல்லை என்று சோர வேண்டாம். ஓரளவுக்கு அதை மீட்க முடியும். சுயஉதவிக் குழுவின் சேமிப்பு, கடன் பதிவேடுகள் பழைய தேதியோடு அப்படியே இருக்கும். மெஷின் வருவதற்கு முன் அந்தப் பெண் எவ்வளவு கடன் வாங்கினார், தவணை எத்தனை முறை தவறியது, இப்போது எப்படி என்று அதில் பார்க்கலாம் (அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான்). "2022இல் மாத வருமானம் என்ன?" என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. "மகள் பத்தாம் வகுப்பு எழுதின வருசம்", "ஊர்க் கொடைக்கு முன்னால" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

எந்த மாதம் போய்க் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். நம் மாவட்டத்தில் பள்ளி திறக்கும்போது சீருடை, அப்புறம் ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று தையல் வேலை அலைமோதும். ஆடியில் கல்யாணம் இல்லை. தவக்காலத்தில் கிறிஸ்தவர் வீட்டிலும் கல்யாணம் இல்லை, ஆகவே பிளவுஸ் ஆர்டரும் இல்லை. டிசம்பரில் போய்க் கேட்டுப் பன்னிரண்டால் பெருக்கிப் போட்ட அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். படித்தால் அந்தப் பெண்கள் எல்லாரும் பணக்காரிகள். வருடத்தை நாலாகப் பிரித்துக் கேளுங்கள். நூல், கரண்டு, ரிப்பேர் செலவைக் கழியுங்கள். எத்தனை மணி நேரம் உட்கார்ந்து தைக்கிறார் என்பதையும் கேளுங்கள். ஆறு மணி நேரத்துக்கு அறுபது ரூபாய் என்றால் அதை வருமானம் என்று எழுதும்போது கை கூச வேண்டும்.

மெஷினுக்கு விண்ணப்பித்துக் கிடைக்காமல் போன பெண்களின் பட்டியல் உங்கள் ஆபீசிலேயே எங்காவது இருக்கும். அதைத் தேடி எடுங்கள். மெஷின் பெற்றவரின் வருமானம் இரண்டாயிரம் கூடியிருக்கிறது, பெறாதவருக்கும் ஆயிரத்து ஐந்நூறு கூடியிருக்கிறது என்றால் மெஷினின் பங்கு ஐந்நூறுதான். அதிலும் ஒரு பிடி உண்டு. சுறுசுறுப்பானவர்களாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்திருந்தால் அந்த ஐந்நூறுகூட முழுதும் மெஷினால் வந்ததாக இருக்காது. எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதை மறைக்காமல் எழுதிவிடுங்கள். அதே தெருவில் ஏற்கெனவே தைத்துப் பிழைத்த பழைய டெய்லர்களையும் பார்த்து வாருங்கள். புதிதாகப் பத்து மெஷின் வந்ததில் அவர்கள் ஆர்டர் குறைந்திருந்தால் அதுவும் உங்கள் திட்டத்தின் விளைவுதான்.

மெஷினை விற்றவர்களைத் "தோல்வி" என்ற கட்டத்தில் போட்டு மூடாதீர்கள். ஏன் விற்றார் என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்றிருந்தால், அவருக்குத் தேவைப்பட்டது வேறு உதவி.

"மெஷின் கிடைத்ததில் மகிழ்ச்சியா?" என்ற கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கும்போது யார் இல்லை என்பார்கள்? "அதே பணத்துக்கு வேறு ஒன்று தந்திருந்தால் எதைக் கேட்டிருப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். நமக்கு எதிராகவும் பதில் வர வழியுள்ள கேள்வியைத்தான் நான் கேள்வி என்று ஒத்துக்கொள்வேன்.

தீபாவளிக்கு எங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் பரிசுப் பெட்டியை சிஎஸ்ஆர் செலவில் காட்டலாமா?
– கணக்காளர், நாகர்கோவில்

முடியாது. கம்பெனியின் சொந்த ஊழியர்களுக்குப் பலன் தரும் வேலை சிஎஸ்ஆர் ஆகாது என்று விதியே சொல்கிறது. விளம்பரத்துக்காகச் செய்யும் ஸ்பான்சர்ஷிப்பும் ஆகாது. பெட்டியைக் கொடுங்கள், வேறு தலைப்பில் எழுதுங்கள்.

எங்கள் கடற்கரை ஊரில் ஒரு கம்பெனி ஆர்.ஓ. குடிநீர் நிலையம் வைத்துக் கொடுத்தது. முதல் வருடம் ஓடியது. இப்போது பூட்டிக் கிடக்கிறது, போர்டு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடிக்கப்படுகிறது. ஊர் முழுதும் பயனடைகிறது என்று அவர்கள் அறிக்கையில் இருக்கிறதாம். நாங்கள் கேட்க முடியுமா மேடம்?
– ஒரு வாசகர், குளச்சல் அருகே

தாராளமாகக் கேட்கலாம். சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, கடந்த மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தையாவது சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஒப்புதல் கொடுத்த திட்டங்களைத் தன் இணையதளத்தில் போட வேண்டும். வலைத்தளம் வைத்திருக்கும் கம்பெனிக்கு இதில் சாக்குச் சொல்ல இடமில்லை. தனியார் கம்பெனிக்கு நேரடியாகத் தகவல் உரிமை மனு போட முடியாது. ஆனால் மத்திய அரசின் தேசிய சிஎஸ்ஆர் தளத்தில் கம்பெனி வாரியாகச் செலவு விவரம் கிடைக்கும்.

"பயனடைந்தோர்" என்ற எண்ணில்தான் பெரும்பாலும் வித்தை நடக்கும். நிலையம் இருக்கிற ஊரின் மக்கள்தொகையைத் தூக்கி அப்படியே எழுதிவிடுவார்கள். நீங்கள் வேறு நாலு எண்களைக் கேளுங்கள். வருடத்தில் எத்தனை நாள் ஓடியது? ஓடின நாளில் எத்தனை குடம் போனது? எத்தனை வீட்டுக்காரர்கள் வழக்கமாக எடுத்தார்கள்? எத்தனை மணிக்குத் திறந்தார்கள்? நாலாவதைச் சும்மா கேட்கவில்லை. மீன் விற்கப் போகிற பெண்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். பத்து மணிக்குத் திறக்கிற நிலையம் அவர்களுக்கு இருந்தும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

நிலையம் திரும்ப ஓடினால் தண்ணீரையும் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500. கரைந்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். டி.டி.எஸ். மீட்டரை யாரும் கடையில் வாங்கிப் பார்க்கலாம். ஆனால் அந்த மீட்டர் கிருமியைக் காட்டாது. 100 மில்லி தண்ணீரில் இ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது அதே தரத்தின் விதி, அதற்கு ஆய்வகச் சோதனை வேண்டும். ஆர்.ஓ.வில் பிரிந்து போகிற உப்புத் தண்ணீர் எந்தப் பக்கம் விடப்படுகிறது என்பதையும் ஒரு நடை பாருங்கள். பக்கத்துக் கிணற்றடியில் விட்டிருந்தால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்த கதை.

பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மெம்ப்ரேன் (உப்பை வடிகட்டும் சவ்வு) மாற்ற ஆளும் பணமும் இல்லாததுதான். ஒப்படைப்புக் கடிதத்தின் நகலை ஊராட்சியில் கேளுங்கள். பராமரிப்பு யார் பொறுப்பு என்று அதில் இருக்கும், இல்லாவிட்டால் அதுதான் கோளாறு. தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். உங்கள் விஷயத்துக்குப் பொருத்தமான நாள். ஓடாத நாள்களின் கணக்கோடு தீர்மானம் போட்டு, நகலைக் கம்பெனியின் சிஎஸ்ஆர் குழுவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். குற்றச்சாட்டாக எழுதாமல் வெறும் எண்ணாக எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம் என்பது என் அனுபவம்.

திட்டத்தை மதிப்பிட வெளி ஏஜென்சியை வைக்கச் சொல்கிறார்கள். காசு கொடுப்பது நாங்கள், அவர்கள் எப்படி உண்மையை எழுதுவார்கள்?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

நியாயமான சந்தேகம். சட்டப்படி எல்லாருக்கும் இது கட்டாயம் இல்லை. கடந்த மூன்று வருடச் சராசரியில் 10 கோடியோ அதற்கு மேலோ சிஎஸ்ஆர் கடமை உள்ள கம்பெனிகள், 1 கோடியோ அதற்கு மேலோ செலவான திட்டங்களை, அவை முடிந்து ஒரு வருடமாவது ஆன பிறகு, சுதந்திரமான ஏஜென்சியைக் கொண்டு மதிப்பிட வேண்டும். இது 2021இல் வந்த விதி. திட்டம் முடிந்த மறுவாரமே ஓடிப் போய்ப் பார்த்தால் ரிப்பன் வெட்டின பூரிப்புத்தான் தெரியும், அதனால் அந்த ஒரு வருட இடைவெளி நல்லது.

உண்மை வர வேண்டுமானால் முழுப் பயனாளிப் பட்டியலையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள். உங்கள் ஆளும் வேண்டாம், திட்டத்தை நடத்திய தொண்டு நிறுவனத்தின் ஆளும் கூடப் போக வேண்டாம். கடைசித் தவணைப் பணத்தை "நல்ல முடிவு" வந்தால்தான் தருவோம் என்ற தொனியில் யாரும் பேசிவிடக் கூடாது. வரைவு அறிக்கையை எந்தப் பக்கத்திலெல்லாம் திருத்தச் சொன்னீர்கள் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்து அதைப் படித்தால் கம்பெனி எதற்குப் பயப்படுகிறது என்று விளங்கிவிடும்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு கம்பெனி பத்தாயிரம் மரக்கன்று நட்டதாகச் செய்தி பார்த்தேன். இதை எப்படிச் சரிபார்ப்பது அம்மா? கல்லூரி புராஜெக்டுக்காகக் கேட்கிறேன்.
– மாணவி, நாகர்கோவில்

மக்களே, நட்ட அன்றைக்குக் கணக்கெடுக்காதே. இரண்டு கோடை கழித்து உயிரோடு நிற்பதை எண்ணு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் குச்சி ஊன்றிக் கட்டாத கன்று சாய்ந்துவிடும். என்ன மரம், யார் தண்ணீர் ஊற்றினார்கள், ஆடு மேயாமல் வேலி இருந்ததா என்று கேள். எங்கே நட்டார்கள் என்றும் பார். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. அங்கே பறவை இரை தேடும் சேற்றில் மரம் நட்டால் எண்ணிக்கை கூடும், பறவை குறையும்.

கருங்கல் பக்கம் சின்ன முந்திரி ஆலை நடத்துகிறோம். எங்களிடம் பருப்பு வாங்குகிற ஏற்றுமதிக்காரர், வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்கிறார் என்று கார்பன், தண்ணீர், தொழிலாளர் நலன் என்று நீளமான படிவம் அனுப்பியிருக்கிறார். எங்களுக்கும் இது சட்டமா?
– ஒரு வாசகர், கருங்கல்

உங்களுக்குச் சட்டம் இல்லை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை (கம்பெனியின் பொறுப்பு, நீடித்த தன்மை பற்றிய வருடாந்தர அறிக்கை) 2022-23 முதல் கட்டாயமானது, பங்குச் சந்தையில் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்தில் இருக்கும் கம்பெனிகளுக்குத்தான். ஆனால் பெரிய கம்பெனி தனக்குச் சரக்குத் தருபவரின் கணக்கையும் கேட்கத் தொடங்கினால் கேள்வி கடைசியில் அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) வாசல் வரைக்கும் வரும். பயப்படாமல் நிரப்புங்கள்.

கார்பனை மூன்றாகப் பிரித்திருப்பார்கள். முதலாவது நீங்களே எரிப்பது: ஜெனரேட்டர் டீசல், பாய்லர். இரண்டாவது வாங்குகிற கரண்டு. மூன்றாவது மற்றதெல்லாம், உதாரணமாக ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரும் கொட்டை. முதல் இரண்டையும் இன்றே போடலாம். டீசல் லிட்டருக்குச் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. கரண்டு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. மாதம் 2,000 யூனிட்டும் 100 லிட்டர் டீசலும் என்றால் 1,400உம் 268உம், ஆக 1,668 கிலோ. முப்பந்தலில் காற்றாடி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே கரண்டுக்குப் பூஜ்யம் போடத் தோன்றும். போடக் கூடாது. தனி ஒப்பந்தம் போட்டுக் காற்றாலை மின்சாரம் வாங்காதவரை உங்களுக்கு வருவது நாடு முழுதும் கலந்த கரண்டு. முந்திரித் தோட்டை எரித்தால், அது மரத்திலிருந்து வந்த எரிபொருள் என்பதால், அந்தக் கார்பனைத் தனி வரியில் எழுத வேண்டும். புகைக்கு அது சாக்கு ஆகாது, பக்கத்து வீட்டுக்காரருக்குப் புகை புகைதான்.

தொழிலாளர் பக்கத்தில்தான் உங்களுக்கு வேலை அதிகம். பத்துப் பேர் வேலை பார்த்தால் இ.எஸ்.ஐ., இருபது பேர் வேலை பார்த்தால் பி.எஃப். என்ற வரம்பைப் பாருங்கள். தோட்டு எண்ணெய் பட்டுக் கை வெந்தால் அதை எழுத ஒரு நோட்டு வையுங்கள். சின்னக் கொப்புளமானாலும் எழுதட்டும். உடைக்கிற பெண்களில் ஒருவரிடமே நோட்டைக் கொடுங்கள், மேஸ்திரியிடம் வேண்டாம். முதல் வருடம் காயம் கூடினது போலத் தெரியும். முன்பு யாரும் எழுதவில்லை என்பதுதான் காரணம், ஏற்றுமதிக்காரரிடமும் அதை அப்படியே சொல்லுங்கள். படிவத்தில் தெரியாத கட்டத்தில் உத்தேசமாக எதையும் எழுத வேண்டாம். "இதுவரை அளக்கவில்லை, ஏப்ரல் முதல் அளப்போம்" என்று எழுதிவிட்டு, மார்ச் முடிவதற்குள் தண்ணீர்க் குழாயில் ஒரு மீட்டர் மாட்டிவிடுங்கள்.