மூன்று இடத்திலும் 'மந்திரம்' வேண்டாம்

கேள்வி: எங்கள் சமூக மன்றத்தின் பொங்கல் விழாவுக்கு நிகழ்ச்சிக் கையேடு தயாராகிறது. ஆங்கிலப் பிரதியில் 'சாண்ட்' (chant) என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது. மூத்தோர் சேர்ந்து தேவாரம் பாடுவது, பானை பொங்கும்போது பெண்கள் எழுப்பும் ஒலி, கயிறிழுக்கும் போட்டியில் பிள்ளைகள் போடும் கூச்சல் ஆகிய மூன்றுக்கும் அதே சொல்தான். மொழிபெயர்ப்பு முகவர் மூன்றையும் 'மந்திரம் ஓதுதல்' என்று எழுதி அனுப்பியிருக்கிறார். தவறென்று தோன்றுகிறது, ஆனால் சரியான சொல் தெரியவில்லை. இரண்டு நாளில் அச்சுக்குப் போக வேண்டும். (சிங்கப்பூரின் யீஷூனிலிருந்து ஒரு தொண்டூழியர்)

பதில்: உங்கள் சந்தேகம் சரியானது. மூன்று இடத்திலும் 'மந்திரம்' என்பதை அடித்துவிடுங்கள். மந்திரம் என்பது சொல்லப்படும் பொருள். பலர் கூடித் தாளத்தோடு குரல் எழுப்பும் செயலுக்கு அது பெயராகாது. ஆங்கிலச் சொல், 'பாடு' என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. கோயில், திடல், ஊர்வலம் என்று எங்கும் அந்த ஒரே சொல் போதும் அவர்களுக்கு. தமிழில் யார், எங்கே, எதற்காகக் குரல் எழுப்புகிறார்கள் என்பதைப் பொறுத்துச் சொல் மாறும்.

மூத்தோருக்கு 'தேவாரம் ஓதுதல்' என்றே எழுதுங்கள். கோயிலில் பண்ணோடு திருமுறை பாடுபவருக்கு ஓதுவார் என்றுதானே பெயர்? குர்ஆனுக்கும் தமிழ் முஸ்லிம்கள் ஓதுதல் என்றே சொல்கிறார்கள். தலைவன் பிரிந்து போகும் காரணங்களில் ஒன்றாகத் தொல்காப்பியம் சொல்லும் 'ஓதல்' கல்வி கற்பதைக் குறிக்கிறது. மந்திரத்தின் துணையில்லாமல் தனியாக நிற்கக்கூடிய சொல் அது.

பிள்ளைகளுக்கு 'உற்சாக முழக்கம்'. முரசும் சங்கும் இடியும் முழங்குவதால் அந்தச் சொல்லிலேயே ஒரு தாளம் இருக்கிறது. 1973இல் திறந்த பழைய தேசிய விளையாட்டரங்கில் மலேசியக் கிண்ணக் காற்பந்து ஆட்டங்களின்போது எழுந்த 'கல்லாங் ரோர்' என்ற ரசிகர் ஆரவாரம் நம் மூத்தோருக்கு நினைவிருக்கும், அது முழக்கம். 'கோஷம்' என்றாலும் பிழையில்லை. ஆனால் 'கோஷமிட்டனர்' என்று செய்தித்தாளில் படித்துப் படித்து அது ஆர்ப்பாட்டக்காரர்களுக்கு உரிய சொல்லாகிவிட்டது. பிள்ளைகளுக்கு அது வேண்டாம். கயிற்றை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் 'ஏலேலோ ஐலசா' என்று பதில் சொன்னால், அந்த ஒலியையே கையேட்டில் அச்சிடலாம். படிப்பவர் காதில் கேட்கும்.

பானை பொங்கும் இடத்தில்தான் நீங்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். 'பொங்கலோ பொங்கல்' என்று எல்லாரும் சொல்வதில் சொற்கள் இருக்கின்றன; அது முழக்கம். பெண்கள் நாவைச் சுழற்றி எழுப்பும் ஒலியில் சொல்லே கிடையாது, அது குலவை. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தாலும் 'பொங்கலோ பொங்கல் முழக்கமும் குலவையும்' என்று பிரித்தே எழுதுங்கள். அகராதியைப் புரட்டிய யாராவது 'குரவை' என்று திருத்தச் சொல்வார்கள். அந்த வடிவமும் உண்டுதான். ஆனால் சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை, கைகோத்து ஆடும் கூத்து. கையேட்டில் 'குரவை' என்று போட்டால் நடனம் இருக்கிறதென்று எண்ணி வருவார்கள். இன்னொன்று: குலவையிடத் தெரிந்த பெண்கள் கிடைக்காமல் பதிவு செய்த ஒலியை ஒலிபெருக்கியில் விடுவதாக இருந்தால், 'குலவையிடுதல்' என்று எழுதக்கூடாது. அந்தச் சொல், அங்கே நிற்கும் பெண்கள் இடுகிறார்கள் என்று சொல்கிறது. 'குலவை ஒலி' என்று மட்டும் போடுங்கள். தெரிந்த ஒரு பாட்டி பக்கத்தில் நின்று தொடங்கி வைத்தால், அப்போது 'குலவையிடுதல்' சரியாகிவிடும்.

முகவரிடம் திருப்பி அனுப்பினால் 'உச்சாடனம்' என்று மாற்றித் தரக்கூடும். ஏற்காதீர்கள். மாந்திரிகத்தின் எட்டுக் கருமங்களில் ஒன்றான உச்சாடனத்துக்கு விரட்டுதல் என்று பொருள். சொல்லுதலைக் குறிப்பது உச்சாரணம். இரண்டையும் குழப்பிக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது.

இந்த முகவர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு சொல்லுக்கு இவ்வளவு என்று காசு பேசிவிட்டு, கணினியில் போட்டு எடுத்ததை அப்படியே அனுப்புகிறார்கள் சிலர். 2014இல் லாவ் பா சாட் உணவங்காடியின் பெயர்ப்பலகையில் 'சாட்' (Sat) என்பது ஆங்கிலச் சுருக்கமாக எடுக்கப்பட்டுச் சனிக்கிழமையாக மாறி, தமிழில் 'சனி' என்று நின்றது. பழைய சந்தை என்ற பொருளுள்ள பெயர் அது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒருமுறை பார்த்திருந்தால் அது தெருவுக்கு வந்திருக்காது. தேசிய மொழிபெயர்ப்புக் குழு அமைக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் ஆங்கிலப் பிரதிக்கு ஒரு மாதம், தமிழுக்கு இரண்டு நாள் என்ற வழக்கம் மாறவில்லையே! நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றை ஏன் எப்போதும் கடைசி நாளில் நினைக்க வேண்டும்? அடுத்த முறை பணம் கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: மொழிபெயர்ப்பவர் யார்? அவர் தமிழை வாய்விட்டுப் படித்துக் காட்டுவாரா? இரண்டாவதற்குத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

இப்போது உங்களிடம் இருக்கும் இரண்டு நாளில், திருத்திய வரிகளைத் தட்டச்சு செய்து நேரடியாக வடிவமைப்பாளருக்கு அனுப்புங்கள். அவருடைய மென்பொருளில் எழுத்து உடையக்கூடும். 'பொங்கல்' என்பதில் கொம்பு பகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் விழும். வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அது கண்ணில் படாது. அதனால் மெய்ப்பைக் காகிதத்தில் எடுத்து, நீங்களே ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அச்சுக்கு விடுங்கள்.