பழைய சோலார் பேனல்களோடு புதியவற்றைச் சேர்க்கலாமா?

கேள்வி: எங்கள் கூரையில் 330 வாட் சோலார் பேனல்கள் நான்கு ஒரே வரிசையாக இணைக்கப்பட்டிருக்கின்றன. இன்னும் இரண்டு சேர்க்க வேண்டும். அதே மாடல் இப்போது கிடைக்கவில்லை. 540 வாட் பேனல்களை அதே வரிசையில் கோத்துவிட்டால் மொத்தம் 2,400 வாட் வரும் என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

பதில்: பேனலை வாங்கலாம். ஆனால் அவர் சொல்கிறபடி இணைக்க வேண்டாம். அந்த 2,400 வாட் காகிதத்தில் மட்டுமே வரும்.

பேனலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். வாட் எண்ணை விடவும் அதன் கீழே இருக்கும் வோல்ட், ஆம்பியர் எண்கள்தான் இங்கே முக்கியம். 330 வாட் பேனல் பெரும்பாலும் 37 வோல்ட், 9 ஆம்பியர் அளவில் இருக்கும். 540 வாட் பேனல் 41 வோல்ட், 13 ஆம்பியர். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் தொடர் இணைப்பில் எல்லாப் பேனல்களிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடும். ஆகவே 13 ஆம்பியர் தரக்கூடிய புதிய பேனலும் பழையதைப் போல 9 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். 540 வாட்டுக்குப் பணம் கொடுத்து 400 வாட்டுக்கும் குறைவாகவே பெறுவீர்கள். இதைச் சொல்லாமல் விற்பது நியாயமே இல்லை.

சரி, புதிய இரண்டையும் தனி வரிசையாக்கி, பழைய வரிசையோடு பக்க இணைப்பில் (பேரலல்) சேர்த்தால்? அதுவும் கூடாது. பக்க இணைப்பில் வோல்ட் பொருந்த வேண்டும். பழைய வரிசை சுமார் 150 வோல்ட், புதியது 82 வோல்ட். ஏதாவது ஒரு வரிசையின் உழைப்பு வீணாகும்.

உங்களுக்கு நல்ல வழி, இன்வெர்ட்டரில் இரண்டாவது எம்.பி.பி.டி. உள்ளீடு (ஒரு பேனல் வரிசையிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை எடுக்கும்படி தானே சரிசெய்துகொள்ளும் இணைப்பு) இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் புதிய பேனல்களை அதில் தனியாகக் கொடுங்கள். இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று பாதிக்காது. ஆனால் அந்த உள்ளீடு வேலையைத் தொடங்கக் குறைந்தபட்சம் எத்தனை வோல்ட் வேண்டும் என்று கையேட்டில் பாருங்கள். 100 வோல்ட் கேட்கும் கருவிக்கு இரண்டு பேனல் போதாது, மூன்று வேண்டும். 13 ஆம்பியரை அது ஏற்குமா என்பதையும் பாருங்கள். பழைய இன்வெர்ட்டர்கள் பல ஏற்பதில்லை. குளிரில் பேனலின் வோல்ட் கூடும் என்பதால், அந்த உள்ளீடு தாங்கும் அதிகபட்ச வோல்ட்டுக்கும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். இரண்டாவது உள்ளீடே இல்லையென்றால் புதிய பேனல்களுக்கு மைக்ரோ இன்வெர்ட்டர் (பேனலோடு சேர்த்தே பொருத்தும் சிறிய தனி இன்வெர்ட்டர்) வைக்கலாம், செலவு கூடும்.

எந்த உள்ளீட்டில் எத்தனை பேனல், எத்தனை வோல்ட் என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். கலந்து இணைத்தால் உத்தரவாதம் செல்லுமா என்பதையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று, வெவ்வேறு நிறுவனங்களின் கனெக்டர்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தாலும் அப்படியே விட்டுவிடாதீர்கள். தொடர்பு சரியாக அமையாமல் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். இரு முனைகளிலும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையைப் போடச் சொல்லி, வேலை முடிந்ததும் நீங்களே நேரில் பாருங்கள்.