பண்டைய ரோமானியர்கள் கண்ஜாடையில் பேசிக்கொண்டார்களா? கண்ணடிக்கும் பழக்கம் அப்போதே உண்டா?

உண்டு, தாராளமாகவே உண்டு. ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸ் எழுதிய 'அசினாரியா' என்ற நகைச்சுவை நாடகம் 2,200 ஆண்டுகள் பழையது. அதில் ஒருவன் 20 மினா (அக்காலப் பண அளவு) கொடுத்து ஒரு பெண்ணை ஓராண்டுக்குத் தன்னோடு வைத்துக்கொள்ளப் பார்க்கிறான். அதற்கு ஒப்பந்தப் பத்திரமும் எழுத வைக்கிறான். எந்த ஆணைப் பார்த்தும் அவள் தலையசைக்கக் கூடாது, கண்ணடிக்கக் கூடாது என்று அதில் ஒரு ஷரத்து. விளக்கு அணைந்துவிட்டால் இருட்டில் கையைக் காலைக்கூட அசைக்கக் கூடாதாம்! கண்ஜாடை ஊரறிந்த சங்கதியாக இருந்ததால்தானே அரங்கில் இதற்குச் சிரித்திருப்பார்கள்?

ஆனால் விலாவாரியாகச் சொன்னவர் கவிஞர் ஓவிட்தான். ரோமானிய விருந்தில் ஒரு மஞ்சத்துக்கு மூன்று பேர் வீதம் சாய்ந்தபடி சாப்பிடுவார்கள். காதலி வேறொருவன் பக்கத்தில் சாய்ந்திருப்பாள்; வாய்விட்டுப் பேச முடியாது. ஓவிடின் காதல் கவிதைத் தொகுப்பான 'அமோரெஸ்' முதல் நூலின் 4ஆம் கவிதையில் அவளுக்கு முன்கூட்டியே பாடம் நடக்கிறது: என் முகத்தையே கவனி, புருவத்தால் பேசுவேன். நம் நினைவு வந்தால் கட்டைவிரலால் கன்னத்தைத் தொடு. என்மேல் கோபமா, காது மடலைப் பிடித்துக்கொள். நான் செய்வது பிடித்திருந்தால் மோதிரத்தைத் திருகு. கவிதைதான், மிகை இருக்கும். ஆனாலும் இரண்டாம் நூலில் அதே காதலர் புலம்புவதைப் படித்தால் சிரிப்பு வரும். அவர் தூங்குவதாக நினைத்து, அவள் இன்னொருவனோடு அதே புருவ பாஷையில் பேசிக்கொண்டிருக்கிறாள்!

காதல் ஒருபுறம் இருக்கட்டும். என்னைக் கேட்டால், ரோமில் கண்ணைவிடப் புருவம்தான் அதிகம் பேசியது, அதுவும் பொது இடங்களில். முகத்தில் ஆட்சி செய்வது கண்கள்தான் என்று எழுதிய அதே சிசரோ என்ற ரோமானியப் பேச்சாளர், கி.மு. 55இல் தன் அரசியல் எதிரி பீசோவைத் தாக்கிப் பேசும்போது புருவத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்: ஒரு புருவத்தை நெற்றிக்கு ஏற்றி, மற்றதை மோவாய்வரை இறக்கிப் பதில் சொல்கிறாயே என்று நக்கல்.

இந்தக் கோணல் புருவம் நாடகத்திலிருந்து தெரிந்த விஷயம். நகைச்சுவை நாடகத்தில் அப்பா வேடத்துக்கான முகமூடியில் ஒரு புருவம் தூக்கியும் மற்றது இயல்பாகவும் இருக்கும். கோபம் வரும் இடத்தில் ஒரு பக்கம், சாந்தமான இடத்தில் மறுபக்கம் என்று நடிகர் திரும்பிக்கொள்வார். இதைக் குறித்துவைத்த பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன், வழக்காட நிற்பவர் புருவத்தை அப்படி ஏற்ற இறக்கமாக வைத்தால் அது குறை என்கிறார். கொஞ்சமும் அசையாத புருவமும் அவருக்கு ஆகாது.