பரண்ல கிடைச்ச தகர சாவி காருக்கு பெயிண்ட் அடிக்கலாமா?

தாத்தா வீட்டு பரண்ல பழைய சாவி கார், அதாவது சாவி குடுத்தா ஓடற தகர பொம்மைக் கார் கிடைச்சிருக்கு, துரு புடிச்சிருக்கு, பெயிண்ட் அடிச்சா நல்ல விலை போகுமான்னு கேட்டிருக்கீங்க. அடிக்காதீங்க, உப்புத்தாள் பக்கமே போவாதீங்க. அது பெரும்பாலும் பெயிண்டே கிடையாது, தட்டையான தகரத் தகடுலயே கலரு, கதவுக் கோடு, ஜன்னல்ல தெரியற டிரைவர் மூஞ்சி வரைக்கும் லித்தோல (தகடு மேலயே அச்சடிக்கற முறை) பிரிண்ட் போட்டுட்டு அப்புறமா அச்சுல வச்சு அழுத்தி, ஓரத்துல இருக்கற குட்டி குட்டி நாக்கை ஓட்டைல விட்டு மடிச்சிருப்பாங்க. பழைய பொம்மை சேர்க்கறவன் காசு குடுக்கறதே அந்த பிரிண்டுக்குத்தான், ஒருவாட்டி தேச்சிட்டா திரும்ப வராது.

அடுத்து காரை கவுத்துப் பாருங்க. நாக்கு மடிப்புகிட்ட மட்டும் பளபளன்னு புதுக் கீறல் இருந்தா யாரோ பிரிச்சிருக்காங்கன்னு அர்த்தம். தகர நாக்கு ரெண்டு மூணு தடவை நிமித்தி மடக்கினாலே ஒடிஞ்சிடும், அதனால பிரிச்சு ரிப்பேர் பண்றேன்னு நீங்க உக்காராதீங்க, உள்ள சுத்தி இருக்கற ஸ்பிரிங் சடார்னு விரிஞ்சா கைய கிழிச்சிடும்.

அதுல எந்த ஊர்ல செஞ்சதுன்னு எழுதியிருக்கான்னும் பாருங்க. 'மேட் இன் யு.எஸ். ஜோன் ஜெர்மனி'ன்னு (அமெரிக்கா கையில இருந்த ஜெர்மனி பகுதி) இருந்தா ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கொஞ்ச வருஷத்துக்குள்ள செஞ்சது. 'ஆக்குபைடு ஜப்பான்'னு இருந்தா 1952க்கு முன்னாடி, அந்த வருஷம்தான் அமெரிக்காக்காரன் பிடி விட்டுச்சு. போர் முடிஞ்ச புதுசுல ஜப்பான்ல தகரம் கிடைக்காம, சிப்பாய்ங்க தூக்கிப் போட்ட டப்பாவையே வெட்டி பொம்மை செஞ்சாங்க, சிலதுல டார்ச் அடிச்சு உள்ள பாத்தா பழைய டப்பாவோட எழுத்து தெரியும். எனக்கு புடிச்சது அதுதான், ஆனா பேரு என்னவோ ஜெர்மன் காருக்குத்தான். ஷூக்கோன்னு ஒரு ஜெர்மன் பொம்மை கம்பெனி 1936ல விட்ட எக்ஸாமிகோ, பி.எம்.டபிள்யூ 328ங்கற நிஜ காரை பாத்து செஞ்சது, சாவி கார்லயே கியர் மாத்தலாம், ரிவர்ஸும் போவும்! ஷூக்கோ பழைய மாடலுங்கள பின்னாடி திரும்பவும் விட்டிருக்காங்க, பேரை மட்டும் பாத்துட்டு குதிக்காதீங்க.

நம்ம வேலூர் பக்கம் இதெல்லாம் ஏன் அபூர்வம்னா, ஓட்டை ஒடசல் எல்லாத்தையும் பேரீச்சம்பழத்துக்குப் போட்ட ஊரு இது. லாங்கு பஜார் சுத்தறதை விட ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பழைய வீடு காலி பண்றாங்கன்னு தெரிஞ்சா போய் கேளுங்க, தோல் யாவாரத்துல வெளிநாடு போய்ட்டு வந்த குடும்பத்துல சில நேரம் அட்டைப் பெட்டியோட கூட மாட்டும். பெட்டி இருந்தா விலையே வேற. காயலான் கடைக்காரர்கிட்ட சொல்லி வச்சீங்கன்னா தகரத்தை நசுக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் வரும், டீ காசு குடுத்து வைங்க.

இப்போதைக்கு காய்ஞ்ச துணியால தொடைங்க, தண்ணி வேணாம். சக்கரத்தோட அச்சுக்கம்பில மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, பிரிண்ட் மேல படாம. சாவி இல்லன்னா பழைய கடிகாரம் ரிப்பேர் பண்றவர்கிட்ட காரையே எடுத்துக்கினு போய் ஓட்டைக்கு சரியா உக்கார்ற சாவி கேளுங்க, கட்டிங் பிளேயரால திருகி பாக்காதீங்க. மீதி நேரம் ஸ்பிரிங்கை தளர்வா விட்டுடுங்க. அடிப்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து கமெண்ட்ல போடுங்க, மேல்பக்கம் அப்புறம் பாத்துக்கலாம்.