எட்டுப் பேரும் சேர்ந்தேதான் இறங்க வேண்டுமா?

கேள்வி: நாங்கள் கல்லூரி நாளிலிருந்தே நண்பர்கள், எட்டுப் பேர். வரும் ஜூலையில் ஆல்ப்ஸ் மலைக்குப் போய், ஒரு வாரம் கம்பிவட லிஃப்டில் மேலே ஏறி, கீழ்நோக்கி இறங்கும் டவுன்ஹில் தடங்களில் மவுண்டன் பைக் (மலைச் சைக்கிள்) ஓட்ட ஆசைப்படுகிறோம். ஆனால் எல்லோரும் ஒரே தரம் இல்லை. இருவர் போட்டிகளில் ஓட்டுபவர்கள். நால்வர் நடுத்தரம். இருவர் பைக் வாங்கியே ஒரு வருடம்தான் ஆகிறது. போட்டிக்காரர்கள் இருவரும் மெகாவலாஞ்ச் பந்தயத்துக்கே எல்லோரும் பெயர் கொடுப்போம் என்கிறார்கள். புதியவர்களில் ஒருவர், "உங்களுக்காக வருகிறேன்" என்கிறார். அவர் குரலில் பயம் தெரிகிறது. எங்கே போவது, சொந்த பைக்கா வாடகையா, எட்டுப் பேரையும் ஒன்றாக வைத்திருப்பது எப்படி? ஏற்பாடு முழுக்க என் தலையில்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி, அந்தப் புதிய நண்பரைப் பற்றியது. அவரிடம் கடைசியில் வருகிறேன். ஆனால் இனி சொல்லப்போகும் எல்லாமே அவரை மனத்தில் வைத்துத்தான்.

எட்டுப் பேரையும் ஒன்றாக வைத்திருப்பது எப்படி என்று கேட்கிறீர்கள். ஒரே வீட்டில் தங்குங்கள், ஒன்றாகச் சாப்பிடுங்கள், ஒரே லிஃப்டில் ஏறுங்கள். தடத்தில் மட்டும் எட்டுப் பேராக இறங்காதீர்கள். எட்டுப் பேர் வரிசையாக இறங்கினால் முன்னால் போகிறவர் ஒவ்வொரு திருப்பத்திலும் காத்திருந்து சலித்துப்போவார். பின்னால் வருகிறவர் எல்லோரையும் காக்க வைக்கிறோமே என்ற கூச்சத்தில் தன் சக்திக்கு மீறி வேகம் எடுப்பார். குழுப் பயணங்களில் நான் பார்த்த விபத்துகளில் பாதிக்கு மேல் இந்தக் கூச்சத்தில் பிறந்தவை. கல்லும் வேரும் அதற்கு அப்புறம்தான்.

ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரே லிஃப்டின் உச்சியிலிருந்து எளிய தடமும் கடினமான தடமும் புறப்பட்டு, கீழே ஒரே இடத்தில் வந்து சேருகின்றனவா? அப்படி இருந்தால் பிரிந்து இறங்கினாலும் பதினைந்து, இருபது நிமிடத்தில் மறுபடி சந்தித்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கில் உங்களுக்கு நான் சொல்வது பிரான்ஸ்–சுவிட்சர்லாந்து எல்லையில் பரந்து கிடக்கும் போர்ட் டு சொலெய். பன்னிரண்டு மலை ஊர்கள் லிஃப்டுகளால் இணைந்த பகுதி அது. ஜெனீவா விமான நிலையத்திலிருந்து மோர்சின் ஊருக்குச் சாலையில் சுமார் ஒன்றரை மணி நேரம். மோர்சினிலோ பக்கத்தில் உள்ள லே ஜே என்ற ஊரிலோ வீடு எடுங்கள். 2004-லும் 2022-லும் உலக மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்த லே ஜே ஊரில், முதல் நாள் கற்றுக்கொள்பவர் இறங்கக்கூடிய பச்சைத் தடமும் இருக்கிறது. உங்கள் போட்டிக்கார நண்பர்களும் புதியவர்களும் ஒரே நாளில் மகிழ்ச்சியாக இருக்கக்கூடிய ஊர்கள் அதிகம் இல்லை. இது அவற்றில் ஒன்று. ஆஸ்திரியாதான் வேண்டும் என்றால் சால்பாக்–லியோகாங் பகுதியையும் இதே காரணத்துக்காகப் பார்க்கலாம். அங்கே ஒன்று கவனிக்க வேண்டும். 1975-ன் ஆஸ்திரிய வனச் சட்டம் காட்டுக்குள் நடக்க எல்லோருக்கும் உரிமை தருகிறது, சைக்கிளுக்குத் தரவில்லை. பைக்குக்கு என்று அனுமதித்துக் குறியிட்ட பாதையை விட்டு ஒரு கிளைப் பாதையில்கூட இறங்கக் கூடாது.

மெகாவலாஞ்ச் பற்றி. ஆல்ப் துயேஸ் மலையில் சுமார் 3,300 மீட்டர் உயரத்தில், பிக் பிளாங்க் பனிப்பரப்பில் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் புறப்படும் பந்தயம் அது. 1995-லிருந்து நடக்கிறது. பனியில் பைக்குகள் வழுக்கி ஒன்றின் மேல் ஒன்று விழுவது அங்கே சகஜம். அதன் பிறகு பள்ளத்தாக்கின் அடிவரை ஏறத்தாழ 2,600 மீட்டர் இறக்கம். போட்டிக்காரர்கள் இருவரும் இன்னொரு வருடம் தனியாகப் போய்வரட்டும், மனதார வாழ்த்துங்கள். எட்டுப் பேர் பயணத்தில் அதைச் சேர்த்தால் ஆறு பேருடைய வாரம் இரண்டு பேருடைய ஆசைக்குப் போய்விடும்.

தடங்களின் நிறம் பற்றி எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். பிரான்ஸில் பனிச்சறுக்குத் தடங்களைப் போலவே எளியதிலிருந்து கடினம் வரை பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நான்கு தரம். ஆஸ்திரியாவில் பெரும்பாலும் நீலத்தில் தொடங்கும். உங்கள் வழக்கமான காட்டில் சிவப்பு ஓட்டியவர் இங்கேயும் சிவப்பு ஓட்டலாம் என்று நினைப்பார். கடினம் ஒன்றாகவே இருக்கலாம், நீளம் வேறு. மூன்று நிமிட இறக்கத்துக்குப் பழகிய கைகள், நிற்காமல் இருபது நிமிடம் இறங்கும்போது முன்கை கல்லாக இறுகி, பிரேக் பிடிக்கவே விரல் வராது. ஜூலையில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான பேர் பிரேக் பிடித்துப் பிடித்துத் திருப்பங்களுக்கு முன் தரை அலை அலையாகப் பெயர்ந்திருக்கும். அந்த அதிர்ச்சி முழுக்க மணிக்கட்டில் இறங்கும். எனவே முதல் நாள் எல்லோருமே தங்கள் தரத்துக்கு ஒரு நிறம் கீழே ஓட்டுவது என்று முடிவெடுங்கள். போட்டிக்காரர்களும்தான். அவர்கள் முன்வந்து அதைச் செய்தால் புதியவர்களுக்குக் கூச்சம் பாதி போய்விடும்.

ஒரு நாளை இப்படி அமைத்துப் பாருங்கள். காலையில் முதல் இறக்கம் எட்டுப் பேரும் சேர்ந்து, நீலத் தடத்தில், மெதுவாக. உடம்பு சூடாகவும், பைக்கில் ஏதாவது கோளாறு இருந்தால் தெரியவும், பேசிச் சிரிக்கவும் அதுதான் நேரம். பிறகு இரண்டு குழுவாகப் பிரியுங்கள். குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது: ஒருவர் விழுந்தால் ஒருவர் பக்கத்தில் இருக்க, ஒருவர் உதவிக்குப் போக. போட்டிக்காரர் இருவர் மட்டும் தனியே கறுப்புத் தடத்துக்குப் போவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். நடுத்தர நண்பர்களில் நன்றாக ஓட்டும் ஒருவரோ இருவரோ அவர்களுடன் போகட்டும். மதியம் ஒரு மணிக்கு மலைமேல் ஒரு குறிப்பிட்ட குடிலில் எல்லோரும் சாப்பிடச் சந்திப்பது. போன் எடுக்காத பள்ளத்தாக்குகள் உண்டு, ஆகவே நேரமும் இடமும் காலையிலேயே முடிவாகிவிட வேண்டும். புதியவர் இருவருக்கும் முதல் நாள் அந்த ஊர்ப் பயிற்சியாளர் ஒருவரை அமர்த்துங்கள். செலவை எட்டாகப் பிரியுங்கள். அவர்கள் நன்றாக ஓட்டினால் பலன் எட்டுப் பேருக்கும்தானே.

மூன்றாம் நாளைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் நாள் பயத்தில் கவனமாக இருப்போம். இரண்டாம் நாள் கை பழகிவிடும். மூன்றாம் நாள் மனம் வேகமாகவும் உடம்பு களைத்தும் இருக்கும். பல வருடங்களுக்கு முன், அப்படி ஒரு மூன்றாம் நாள் மாலை நாலரை மணிக்கு, "கடைசியா ஒண்ணு இறங்கிட்டுப் போயிடலாம்" என்று சொன்னவன் நான். சரி என்று தலையாட்டி என் பின்னால் வந்த நண்பர், காலையிலிருந்து ஆறு முறை சுலபமாகக் கடந்த ஒரு திருப்பத்தில் விழுந்து கழுத்துப்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டார். தடம் மாறவில்லை, பைக்கில் குறை இல்லை. அவருடைய கைகள் முடிந்துபோயிருந்தன, அதை நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து என் குழுவில் மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் யாரும் பைக் தொடுவதில்லை. ஏரியில் நீந்தலாம், தூங்கலாம். இன்னொரு வழக்கமும் வைத்திருக்கிறோம்: யார் "எனக்குப் போதும்" என்று சொன்னாலும் மற்றவர்கள் "ஒண்ணே ஒண்ணு" என்று வற்புறுத்தக் கூடாது. இதைப் புறப்படுவதற்கு முன்பே எட்டுப் பேரும் வாய்விட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

சொந்த பைக்கா, வாடகையா? நடுத்தர நண்பர்களிடம் இருப்பது முன்னும் பின்னும் 150 மில்லிமீட்டருக்கு மேல் சஸ்பென்ஷன் உள்ள, நான்கு பிஸ்டன் பிரேக்கும் 200 மில்லிமீட்டர் டிஸ்க்கும் கொண்ட பைக் என்றால் கொண்டுபோகலாம். புதியவர்களுக்கு வாடகைதான் நல்லது. பெரிய பைக் அவர்களுடைய சிறு தவறுகளை மன்னிக்கும். வாடகை எடுக்கும்போது முன்பணம் எவ்வளவு, சேதத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டு, ஏற்கெனவே உள்ள கீறல்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது இ-பைக் வைத்திருந்தால் அதை விமானத்தில் கொண்டுபோகும் எண்ணத்தை விடச் சொல்லுங்கள். 160 வாட்-ஹவருக்கு மேற்பட்ட பேட்டரிக்குப் பயணிகள் விமானத்தில் இடமில்லை. இ-பைக் பேட்டரி பொதுவாக அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு.

கொண்டுபோகிறவர்கள் மூன்று விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். புது பிரேக் பேட், கூடவே ஒரு ஜோடி உபரி: நீண்ட இறக்கத்தில் லேசாகப் பிடித்தபடியே வந்தால் டிஸ்க் கொதித்துப் பிடிப்பே போய்விடும், திருப்பத்துக்கு முன் அழுத்திப் பிடித்து, பிறகு முழுவதும் விட்டுவிடப் பழகுங்கள். பக்கச்சுவர் தடித்த டியூப்லெஸ் டயர். மூன்றாவது, டீரெய்லர் ஹேங்கர். கியர் மாற்றும் கருவியைப் பைக்கின் சட்டத்தில் பொருத்தும் சிறிய உலோகத் துண்டு அது, பல பைக் மாடல்களுக்கு அதன் வடிவம் மாறும். உடைந்தால் உங்கள் மாடலுக்கானது அந்த ஊர்க் கடையில் இல்லாமல் போகலாம், வாரம் பாழ். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட், முழங்கால் காப்பு, முதுகுக் காப்பு, முழுவிரல் கையுறை – இவற்றில் விவாதம் வேண்டாம். தலை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது. அப்படி அடிபட்டவரும், "ஒண்ணுமில்ல" என்று சொன்னாலும், அன்று மறுபடி ஓட்டக் கூடாது.

காப்பீட்டில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவைப்படுகிறவர்கள் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். அது இருக்கிறதே என்று நிம்மதியாகிவிடுவார்கள். பல சாதாரணப் பயணக் காப்பீடுகளில் டவுன்ஹில் பைக் ஓட்டுவது விலக்குப் பட்டியலில் இருக்கும். "லிஃப்ட் வசதியுள்ள பைக் பார்க்கில் டவுன்ஹில் ஓட்டினால் சிகிச்சைக்கும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் செலவு தருவீர்களா?" என்று எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் மலைமீட்புக்கான பில் அடிபட்டவர் பெயருக்கே வரும்.

மோர்சினில் தங்கினால் ஒரு நாளாவது மொசெத் லிஃப்டில் ஏறி, 2,277 மீட்டர் உயரத்து எல்லைச் சிகரத்திலிருந்து சுவிஸ் பக்கம் இறங்குவீர்கள். இறங்க வேண்டும், அவ்வளவு அழகு. ஆனால் அன்று பாஸ்போர்ட்டும் கொஞ்சம் சுவிஸ் ஃபிராங்கும் பையில் இருக்கட்டும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, உங்கள் சிம் கார்டின் ரோமிங் அங்கே வேலை செய்யுமா என்று முன்பே பாருங்கள். திரும்பி வரும் கடைசி லிஃப்டின் நேரத்தை எட்டுப் பேரும் மனப்பாடம் செய்யுங்கள். அதைத் தவறவிட்டால் மலையைச் சுற்றிச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் டாக்ஸியில் வர வேண்டும், அதுவும் பைக்கை ஏற்றும் டாக்ஸி கிடைத்தால். கோடை மாலைகளில் இடிமழை திடீரென்று வரும். மின்னல் அடித்தால் லிஃப்டுகளை நிறுத்திவிடுவார்கள். எனவே தொலைவான பக்கத்துக்குக் காலையில் போய், மதியத்துக்குள் வீட்டுப் பக்கம் திரும்பிவிடுங்கள்.

அவசர எண் 112, இந்த மூன்று நாடுகளிலும். சுவிஸ் பக்கத்தில் ஆம்புலன்ஸுக்கு 144. யாராவது விழுந்தால் முதலில் ஒருவர் மேலே நடந்துபோய்த் தடத்தின் குறுக்கே ஒரு பைக்கை வைத்து, வேகமாக வருபவர்களை நிறுத்த வேண்டும். உதவி அதற்குப் பிறகுதான். ஹெலிகாப்டர் வந்தால் இரண்டு கைகளையும் ஆங்கில Y எழுத்தைப் போல உயர்த்தினால் "உதவி வேண்டும்" என்று பொருள்.

தேதி விஷயம் சுருக்கம். போர்ட் டு சொலெயில் லிஃப்டுகள் பொதுவாக ஜூன் பாதிக்கு மேல் திறந்து செப்டம்பர் தொடக்கம் வரை ஓடும். ஜூனில் உயரத்துத் தடங்களில் பனி மிச்சம் இருக்கலாம், ஜூலை சரியான தேர்வு. பிரெஞ்சு மலை ஊர்களில் வீடுகளைப் பெரும்பாலும் சனி முதல் சனி வரை வாரக் கணக்கில்தான் தருவார்கள், விமான டிக்கெட்டை அதற்கேற்பப் போடுங்கள். உலகக் கோப்பைப் பந்தயம் நடக்கும் வார இறுதியா என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். அன்று தடங்கள் சில மூடியிருக்கும், அறைகளும் கிடைக்காது.

இப்போது உங்கள் நண்பர். குழுவாக இருக்கும்போது அவரிடம் கேட்காதீர்கள். எட்டுப் பேர் நடுவில் யாரும் "பயமாக இருக்கிறது" என்று சொல்ல மாட்டார்கள். தனியாகக் கூப்பிட்டு, தேநீர் குடித்துக்கொண்டே இதைச் சொல்லுங்கள்: "நீ ஒரு நாள்கூட பைக் தொடாமல் இருந்தாலும் இந்தப் பயணம் உனக்கும் சேர்த்துத்தான். லிஃப்டில் எங்களோடு ஏறி, மேலே சாப்பிட்டுவிட்டு, லிஃப்டிலேயே இறங்கலாம். பச்சைத் தடத்தை மட்டும் ஏழு நாளும் ஓட்டலாம். யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்." அவர் வருவதற்குச் சம்மதித்தால், வீட்டுக்குப் பக்கத்தில் ஏதாவது சரிவில் ஜூலைக்கு முன் மாதம் இரண்டு முறையாவது நீங்களே அவரோடு தனியாக ஓட்டுங்கள். வேண்டாம் என்று சொன்னால் ஏழு பேராகப் போங்கள், அவர் மேல் துளி வருத்தமும் இல்லாமல். வீடு பதிவு செய்து பணம் கட்டுவதற்கு முன்பே இந்தப் பேச்சு நடந்துவிட வேண்டும். பணம் கட்டிய பிறகு அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது.