கால்வாய் நாறத்தான் செய்யும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஏப்ரல் 12 முதல் 16 வரை பாங்காக் போகிறேன். தனியாக. இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். டூர் பேக்கேஜ் வேண்டாம் என்று எல்லாவற்றையும் நானே ஏற்பாடு செய்திருக்கிறேன். வழக்கமான சுற்றுலாப் பயணியாக இல்லாமல் உண்மையான பயணியாகப் போய்வர ஆசை. எந்த மணிக்கு எங்கே என்று ஒரு எக்செல் தாளில் போட்டு இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்ல முடியுமா? ஊர் நடுவே ஓடும் சேன் சேப் கால்வாய்ப் படகை முதலில் வைத்திருந்தேன். நாற்றம் தாங்காது என்று போய்வந்த தோழி சொன்னதால் எடுத்துவிட்டேன். நான் சைவம். பெண் தனியாகப் போவது பாதுகாப்புதானா? ஒரு நாள் மிச்சமிருக்கிறது. பழைய தலைநகரான அயுத்தயா போகலாமா, டாம்னோன் சாதுவாக் மிதக்கும் சந்தைக்குப் போகலாமா?

அன்புடன்,
யாழினி

அன்புள்ள யாழினி,

இந்த மாதிரிக் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. எங்கே தங்கலாம், எதில் ஏறலாம் என்று சொல்ல இணையத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் போன வாரம்தான் எங்கள் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தோம். மாமாவின் பழைய பில் கட்டுகள் இறங்கின. பாதிக்குப் பாதி பாங்காக் பில். பிரதுனாம், போ பே என்று இரண்டே இரண்டு இடத்துக் கடைகள். அதிலிருந்து அந்தக் கால்வாய் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து, அதை எடுத்துவிட்டேன் என்று உங்கள் கடிதம் வருகிறது.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன்.

சாப்பாடு. இதற்கு இவ்வளவு கவலை வேண்டாம். தாய்லாந்துச் சமையலில் மீன் சாறு எல்லாவற்றிலும் விழும், காய்கறி வதக்கலிலும்தான். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்டு 'ஜே' என்ற சுத்த சைவ உணவு விற்கும் கடைகள் உண்டு. அங்கே பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். அது வாய்க்குப் பிடிக்கவில்லை என்றால் இந்தியர்கள் இருக்கும் பஹுரத் பக்கம் போங்கள், சப்பாத்தி கிடைக்கும். ஐந்து நாள்தானே.

பாதுகாப்பு. பகலில், கூட்டத்தில், இரவு எட்டு ஒன்பது மணிக்கு ரயில் நிலையத்தில், தெருவோரச் சாப்பாட்டுக் கடையில் எங்கும் பெண்கள் இருப்பார்கள். கடையை நடத்துவதே பெரும்பாலும் அவர்கள்தான். நீங்கள் பயப்பட வேண்டிய ஆள் வேறு. அரண்மனை வாசலில் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, நல்ல ஆங்கிலத்தில், "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வாங்க, வேறு நல்ல கோயில் காட்டுகிறேன்" என்று சொல்பவர். அவர் ஏற்றிவிடும் டுக்டுக் ஆட்டோ கடைசியில் ரத்தினக் கடை வாசலில்தான் நிற்கும். அரண்மனை காலை எட்டரைக்குத் திறக்கும், மாலை மூன்றரைக்கு டிக்கெட் கொடுப்பதை நிறுத்துவார்கள். மூடியிருக்கிறதா இல்லையா என்பதை வாசல்வரை போய் நீங்களே பாருங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அப்புறம் தாய்லாந்துக்குள் நுழைய டிஜிட்டல் வருகை அட்டை. 2025 மே மாதத்திலிருந்து கட்டாயம். அரசுத் தளத்தில் காசில்லாமல் நிரப்பலாம், யாருக்கும் பணம் கட்டாதீர்கள்.

சரி, உங்கள் தாளுக்கு வருவோம். இரண்டாம் நாள் 8.30 அரண்மனை, 10.15 வாட் போ கோயில், 11.00 வாட் அருண் கோயில், 12.30 சாப்பாடு, 1.45 அமெரிக்கப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சனின் வீடு. வாட் போவில் படுத்திருக்கும் புத்தர் 46 மீட்டர் நீளம். தலையிலிருந்து பாதம்வரை நடந்து, வரிசையில் நின்று, பாதத்தில் பதித்திருக்கும் முத்துச்சிப்பி வேலையைப் பார்க்கவே உங்கள் நாற்பத்தைந்து நிமிடம் போய்விடும். அது போகட்டும். எனக்குக் கோபம் வந்தது நடுவே சாம்பல் நிறம் அடித்து 'டிராவல்' என்று போட்டிருக்கும் கட்டங்களைப் பார்த்து. இருபது நிமிடம், நாற்பது நிமிடம், வீணாகும் நேரம் என்று குறிப்பு வேறு. உண்மையான பயணி என்று உங்களைச் சொல்லிக்கொள்கிறீர்கள். அந்தச் சாம்பல் கட்டங்களில்தானம்மா பாங்காக் இருக்கிறது! அரண்மனைக்குள் உங்களைச் சுற்றி நிற்பவர்கள் பெரும்பாலும் உங்களைப் போலவே வெளியூரிலிருந்து வந்தவர்கள். ஊர்க்காரர்கள் முழுக்க நீங்கள் வீண் என்று சாம்பல் அடித்த இடத்தில் இருக்கிறார்கள்.

சுற்றுலாப் பயணி, உண்மையான பயணி என்ற இந்தப் பிரிவினையையும் விடுங்கள். போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம், அவ்வளவுதான். அதற்கு ஒரு பட்டம் தேவையில்லை.

சேன் சேப் கால்வாயை வெட்டியது மன்னர் மூன்றாம் ராமா காலத்தில், 1837-ல் தொடங்கி 1840-ல் முடித்தார்கள். கம்போடியாவில் வியட்நாமோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. படைகளும் தளவாடங்களும் கிழக்கே போக வழி வேண்டும் என்று, பாங் பாகோங் ஆறுவரை எழுபது கிலோமீட்டருக்கு மேல் தோண்டினார்கள். பயணிகள் படகு 1990-ல் வந்தது. அந்தக் காலத்துப் போக்குவரத்து நெரிசலைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் படகின் அருமை தெரியும். மேலே ஓடும் ஸ்கைட்ரெயின் 1999 டிசம்பரில்தான் வந்தது. அதற்கு முன்னால் பிரதுனாம் சந்திப்பில் மாட்டிய டாக்ஸியில் உட்கார்ந்து ஒரு நாவலே படித்து முடிக்கலாம்.

என் மாமா அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். சென்னையில் ரெடிமேட் துணிக்கடை. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை பாங்காக் போய்ச் சரக்கு எடுப்பார். பிரதுனாமில் தங்குவார், அங்கேயே பாதிச் சரக்கு. மீதி போ பே மொத்தச் சந்தையில். நடுவே டாக்ஸி. ஊருக்கு வந்து அவர் சொல்லும் பாங்காக் கதை எல்லாமே டாக்ஸிக் கதைதான். எவ்வளவு நேரம் நின்றது, மீட்டர் எவ்வளவு ஏறியது, டிரைவர் எப்படித் தூங்கினான். ஒரு தடவை மூட்டை கட்டத் துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வழக்கம்போல பெட்ச்சபுரி சாலையில் வண்டி நின்றுவிட்டது. போ பேயில் கடைக்காரர் காத்திருக்கிறார். மாமா வாட்சைப் பார்க்கிறார், மீட்டரைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். கடைசியில் அந்த டாக்ஸிக்காரரே பின்பக்கம் கையைக் காட்டி, படகு, படகு என்று சைகை செய்து எங்களை இறக்கிவிட்டார்.

பாலத்துக்கு அடியில் இறங்கினால் கறுப்புத் தண்ணீர். மாமா மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாப்ளே, இது சாக்கடைடா" என்றார். அவர் காவேரிக் கரையில் பிறந்தவர், தண்ணீர் என்றால் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. யோசிக்க நேரமில்லை. படகு துறையை உரசிக்கொண்டு வரும், முழுசாக நிற்காது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே குதிக்க வேண்டும். டிக்கெட் கொடுப்பவர்கள் படகின் வெளி விளிம்பில், கைப்பிடிக் கயிற்றைப் பிடித்தபடி நடந்து வருவார்கள். தலையில் ஹெல்மெட், பாலங்கள் அவ்வளவு தாழ்வு. சில பாலங்களுக்கு அடியில் படகின் கூரையையே இறக்குவார்கள். பக்கவாட்டில் தார்ப்பாய், அதை மேலே இழுக்க ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டும்படி ஒரு கயிறு. எதிர்ப் படகு வரும்போது இழுக்க வேண்டும், தண்ணீர் தெறிக்காது. துறை வரும்போது விட வேண்டும், ஆட்கள் ஏறுவார்கள்.

கயிறு இருந்த இடத்தில் மாமா உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அது என்னவென்று தெரியாது. முதல் எதிர்ப் படகு வந்தது, கறுப்புத் தண்ணீர் ஒரு கை அள்ளி வீசியதுபோல உள்ளே வந்து, பக்கத்தில் ஆபீஸ் போகும் ஒரு பெண்ணின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அவள் சத்தம் போடவில்லை. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே மாமாவின் கையை எடுத்துக் கயிற்றில் வைத்து, மேலே, கீழே என்று காட்டினாள். மாமாவுக்கு முகமெல்லாம் வெட்கம். அதற்கப்புறம் அவர் கடையையும் மறந்தார், மூக்கையும் மறந்தார். எதிரே அலை தெரிந்தால் இழுப்பார், துறை தெரிந்தால் விடுவார், முன் வரிசைக்காரர் தூங்கினால் எட்டி அவருடைய கயிற்றையும் இழுப்பார். போ பே பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. இறங்க மனமில்லாமல் இறங்கினார். அடுத்த நாளும் படகுதான். அத்தனை வருஷம் அவர் சரக்கெடுத்த இரண்டு இடங்களும் ஒரே கால்வாயின் துறைகள், யாரும் அவரிடம் சொன்னதில்லை, அவரும் யாரையும் கேட்டதில்லை. பின்னால் உடம்பு முடியாமல் படுத்திருந்தபோது பாங்காக் என்று யாராவது சொன்னால் கை தானாக இழுப்பதுபோல மேலே போகும். லட்சக்கணக்கில் வாங்கிய சரக்குக் கணக்கெல்லாம் மறந்துபோயிருந்தது.

நாற்றம் என்கிறீர்கள். ஆமாம், நாறும். அந்தத் தண்ணீர் கண்ணிலும் வாயிலும் படக்கூடாது, ஓரத்தில் உட்கார்ந்தால் வாயை மூடிக்கொள்ளுங்கள். ஆனால் ஏன் நாறுகிறது என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? 1782-ல் முதலாம் ராமா தலைநகரைச் சாவ் ப்ராயா ஆற்றின் கிழக்குக் கரைக்கு மாற்றியபோது அந்த ஊருக்குத் தெருவே தண்ணீர்தான். வீட்டு முகப்பு கால்வாயைப் பார்த்திருக்கும், சந்தை படகில் வரும். 1860களில் சரோன் க்ருங் சாலை வந்தது, அப்புறம் ஒவ்வொன்றாகக் கால்வாய்களைத் தூர்த்துச் சாலையாக்கினார்கள். நீங்கள் மாரியம்மன் கோயிலுக்காகப் போகப்போகிற சீலோம் சாலையில்கூட ஒரு காலத்தில் கால்வாய் ஓடியது. மிஞ்சியவற்றை எல்லோரும் கொல்லைப்புறமாக்கிவிட்டார்கள், கழிவெல்லாம் அங்கே. இத்தனைக்கும் நடுவே சேன் சேப் இன்னும் ஆட்களை வேலைக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருக்கிறது. நாறுகிறது என்று நீங்கள் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஏசி மால் பாங்காக். அதை ஏறக்குறைய எந்த ஊரிலும் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் வேடிக்கை, உங்கள் தாளில் இருக்கும் ஜிம் தாம்சன் வீடே அந்தக் கால்வாய்க் கரையில்தான் இருக்கிறது. டாக்ஸியில் போக நாற்பது நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஹுவா சாங் துறையில் இறங்கி நடந்தால் போதும். வீட்டைப் பார்த்துவிட்டு எதிர்க்கரையைப் பாருங்கள், அது பான் க்ருவா. முதலாம் ராமாவுக்காகச் சண்டை போட்ட சாம் இன முஸ்லிம்களுக்குக் கொடுத்த இடம். தாம்சனுக்குப் பட்டு நெய்து கொடுத்தவர்கள் அவர்கள். 1967-ல் மலேசியாவின் கேமரன் மலையில் அவர் காணாமல் போனதை எல்லா வழிகாட்டிகளும் விலாவாரியாகச் சொல்வார்கள். நெய்தவர்கள் எதிரேதான் இருக்கிறார்கள் என்பதைச் சொல்ல அவர்களுக்கு நேரம் இருக்காது.

ஒரு நாள் காலையில் அசோக் துறையில் ஏறுங்கள். பிரதுனாமில் படகு மாற வேண்டும், எல்லோரும் இறங்கி ஓடுவார்கள், நீங்களும் ஓடுங்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், 20 பாட்டைச் சுற்றித்தான் ஆகும். இல்லையென்றால் எதிர்த்திசையில், ராம்கம்ஹேங் தாண்டிக் கடைசித் துறைவரை போங்கள். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். மாணவர்கள் இறங்குவார்கள், கீரைக்கட்டோடு ஒரு பாட்டி ஏறுவார். இரவில் சேவை சீக்கிரம் முடிந்துவிடும், அதற்குள் திரும்புங்கள். ஆற்றிலும் இதே கதைதான், சாத்தோர்ன் துறையில் ஆரஞ்சுக் கொடிப் படகைப் பிடியுங்கள். நீலக் கொடி நம்மைப் போன்ற விருந்தினர்களுக்கு, விலையும் அப்படியே.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்கள் தேதியை மறுபடி பார்த்தேன். ஏப்ரல் 12 முதல் 16! மணிக்கணக்கில் உட்கார்ந்து அட்டவணை போட்ட நீங்கள் காலண்டரைப் பார்க்கவில்லையா? 13, 14, 15 சாங்க்ரான், அவர்களுடைய புத்தாண்டு. நமக்கும் 14 புத்தாண்டுதானே, அதுகூடவா நினைவுக்கு வரவில்லை? தெருவெல்லாம் தண்ணீர்ச் சண்டை. நீங்கள் 13 மதியம் மூன்று மணிக்குக் கோயிலுக்குப் போவதாகப் போட்டிருக்கும் சீலோம்தான் அந்தச் சண்டைக்குப் பேர்போன இடம். ஈரம் பிழியாமல் சந்நிதிக்குப் போய்ச் சேர மாட்டீர்கள். அதுகூடப் பரவாயில்லை, ஆனந்தமாக நனையுங்கள், போனையும் பாஸ்போர்ட்டையும் மட்டும் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். என் வருத்தம் வேறு. அந்த மூன்று நாளும் வேலைக்குப் போகிறவர்கள் இருக்க மாட்டார்கள், பாதிப்பேர் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். நான் இவ்வளவு நேரம் சொன்ன படகுக் கூட்டம் உங்களுக்குக் கிடைக்காது. டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப்போட முடிந்தால் போடுங்கள். கொஞ்சம் பணம் போனாலும் போகட்டும். முடியாவிட்டால் முன்னாலோ பின்னாலோ இரண்டு வேலை நாள் ஒட்டிக்கொள்ளும்படி பாருங்கள்.

நீங்கள் கேட்டது அயுத்தயாவா மிதக்கும் சந்தையா என்றல்லவா? அயுத்தயா. மிதக்கும் சந்தைக்கு வேனில் நூறு கிலோமீட்டர் போய், வேறு வேன்களில் வந்தவர்களைப் பார்த்துவிட்டு வருவீர்கள். அயுத்தயாவுக்கு விடியற்காலையில் மூன்றாம் வகுப்பு ரயிலில் போங்கள். ஏசி கிடையாது, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், டிக்கெட் மிகவும் மலிவு. 1767-ல் பர்மியர்கள் எரித்த நகரம், ஏப்ரல் வெயிலில் செங்கல் எல்லாம் கொதிக்கும், பத்து மணிக்குள் வாட் மஹாதாத்தை முடித்துவிடுங்கள். ஸ்டேஷன் வாசலில் டுக்டுக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள், பழைய நகரம் ரொம்பத் தூரம் என்பார்கள். எதிரே இருக்கும் தெருவில் நேராக நடந்தால் பா சாக் ஆறு வரும். அக்கரைக்கு ஒரு சின்னப் படகு போய்வந்துகொண்டிருக்கும். அதில் ஏறிக்கொள்ளுங்கள்.