ஆஸ்கர் வாங்கிய பிறகும் பட வாய்ப்பு இல்லாமல் போன நடிகை யாராவது உண்டா?

உண்டு. ரீட்டா மொரேனோ. நியூயார்க்கில் இரண்டு தெருக் கும்பல்கள் மோதும் கதையான 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' (1961) படத்தில் அனிட்டாவாக நடித்து, 1962 ஏப்ரலில் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கரை வாங்கினார். நடிப்புக்காக அந்த விருதைப் பெற்ற முதல் லத்தீன் அமெரிக்கப் பெண் அவர்தான். அதற்கப்புறம் அவரைத் தேடி வந்தவை எல்லாம் மறுபடியும் தெருக் கும்பல் கதைகள், அனிட்டாவையே இன்னும் மட்டமாக நகலெடுத்த வேடங்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்போது பிலிப்பைன்ஸில் நடித்துக்கொண்டிருந்த ஒரு படத்தை விட்டால், ஏறக்குறைய ஏழு வருடம் சினிமா இல்லை.

அந்த மறுப்பு எவ்வளவு பெரியது என்று புரிய, அதற்கு முன்னால் அவர் எதையெல்லாம் விழுங்கினார் என்று தெரிய வேண்டும். பிறந்தது 1931இல், கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில். ஐந்து வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலில் நியூயார்க் வந்தார். தம்பியை ஊரிலேயே விட்டு வந்தார்கள். அவனை அவர் திரும்பப் பார்க்கவே இல்லை. அம்மா துணி தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். மகள் 13 வயதில் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடை ஏறினார், பிறகு எம்ஜிஎம் திரைப்பட நிறுவனத்தில் ஒப்பந்தம். கிடைத்த வேடங்கள்? செவ்விந்தியப் பெண், தீவுவாசிப் பெண், 'தி கிங் அண்ட் ஐ' படத்தில் பர்மாவிலிருந்து வந்த டப்டிம். வெள்ளைக்காரி அல்லாத யாராக இருந்தாலும் சரி, அவரைக் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு 'அந்நிய' உச்சரிப்பை அவரே உருவாக்கிக்கொண்டாராம்.

அனிட்டாதான் சுயமரியாதையோடு எழுந்து நின்று பேசிய முதல் பாத்திரம். அங்கேயும் முகத்தில் சாயம் பூசினார்கள். புவேர்ட்டோ ரிக்கோ பாத்திரங்கள் அத்தனை பேருக்கும் ஒரே அடர் பழுப்பு மேக்கப். எங்கள் ஊரில் எல்லா நிறத்திலும் ஆட்கள் இருக்கிறார்களே என்று இவர் கேட்டதற்கு, ஒப்பனைக்காரர் திருப்பி இவரையே, நீ என்ன இனவெறி பிடித்தவளா என்று கேட்டாராம். நான் முதல்முறை படம் பார்த்தபோது இது தெரியாது, ஆட்டத்தில் மயங்கி உட்கார்ந்திருந்தேன். தெரிந்த பிறகு மறுபடி பார்த்தேன். அந்தப் பழுப்புக்கு அடியில் இருக்கும் முகத்தைத்தான் கண் தேடியது.

பாட்டிலும் ஒரு சிக்கல். படத்துக்கு மூலமான மேடை நாடகத்தில் அனிட்டா பாடும் 'அமெரிக்கா' பாட்டு, புவேர்ட்டோ ரிக்கோவை நோய் மண்டிய அசிங்கமான தீவு என்று திட்டும். சொந்த மண்ணைப் பற்றி அதைப் பாட முடியாது, படத்தை விட்டே விலகலாமா என்று தவித்திருக்கிறார். நல்லவேளை, படத்துக்கு அந்த வரிகளை மாற்றி எழுதினார்கள்.

எனக்கு மறக்காத காட்சி மிட்டாய்க் கடைக் காட்சிதான். சேதி சொல்ல வரும் அனிட்டாவை எதிர்க் கும்பலான ஜெட்ஸ் பையன்கள் சூழ்ந்துகொண்டு சீண்டி, கீழே தள்ளி, வன்புணர்வின் விளிம்பு வரை போவார்கள். படப்பிடிப்பின் நடுவில் ரீட்டா அடக்க முடியாமல் அழுதுவிட்டார். சின்ன வயதிலிருந்து நியூயார்க் தெருக்களில் கேட்ட வசைகள் எல்லாம் திரும்பி வந்தன என்று பிறகு சொல்லியிருக்கிறார். கூட நடித்த பையன்கள்தான் ஓடி வந்து தேற்றினார்கள்.

சினிமா இல்லாத வருடங்களில் சும்மா இருக்கவில்லை. 1963 ஆகஸ்டில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய வாஷிங்டன் பேரணியில் இருந்தார். 1964இல் லண்டன் மேடையிலும் பிராட்வேயிலும் நடித்தார். 1971இலிருந்து 'தி எலெக்ட்ரிக் கம்பெனி' என்ற குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சி. அதன் இசைத்தட்டுக்கு 1973இல் கிராமி என்ற இசை விருது. 1975இல் 'தி ரிட்ஸ்' நாடகத்துக்கு டோனி என்ற மேடை விருது, 1977இல் 'மப்பெட் ஷோ'வுக்கு எம்மி என்ற தொலைக்காட்சி விருது. ஆஸ்கரையும் சேர்த்தால் அமெரிக்கக் கலையுலகின் நான்கு பெரிய விருதுகளும் வந்துவிட்டன. நான்கையும் வாங்கிய முதல் லத்தீன் பெண்ணும் இவர்தான்.

2021இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யை மறுபடி எடுத்து வெளியிட்டபோது ரீட்டாவுக்கு 90 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த மிட்டாய்க் கடையின் சொந்தக்காரி வேலன்டினாவாக வருகிறார். புதிய அனிட்டா அரியானா டிபோஸ். அதே வேடத்துக்கு அதே ஆஸ்கரை அடுத்த வருடம் வாங்கினார். அதே காட்சியும் வருகிறது. பையன்கள் அனிட்டாவைச் சூழ்ந்துகொள்கிறார்கள். இந்த முறை கடைக்குள் நுழைந்து அவர்களைத் தடுத்து நிறுத்துவது ரீட்டா மொரேனோ.